ஏற்கத்தக்க வீடு: லாரி பேக்கரைத் தாமிரபரணிக் கரையிலிருந்து வாசித்தல்

யூடியூபில் 'லாரி பேக்கர் ஸ்டைல் வீடு' என்று தமிழில் தட்டிப் பாருங்கள். வரிசையாக வரும் வீடுகளுக்கெல்லாம் ஒரே முகச்சாடை. பூசாத செங்கல் சுவர். சுவரில் கட்டம் கட்டமாகத் துளைவிட்ட ஜாலி. ஜன்னலுக்கு மேல் வளைந்த ஆர்ச். அண்ணாந்து பார்த்தால் கான்கிரீட்டுக்குள் பதிந்த ஓடுகள். கீழே சிவப்பு ஆக்சைடு தரை. ட்ரோன் மேலே எழும்பும், பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கும். வீட்டுக்காரர், பாதிக்குப் பாதி நம்ம ஐ.டி. ஆளாகத்தான் இருப்பார், "இயற்கையோட சேந்து வாழணும்னு நெனச்சோம்" என்பார். பல்லடமானாலும் சரி, பாளையங்கோட்டையானாலும் சரி, இதே வீடு, இதே வசனம்.

இந்த வீடுகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. பல வீடுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால், இரண்டு குடும்பங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை, பிறகு வீடுகள் மட்டும் ஏன் ஒன்றுபோல இருக்கணும் என்று திரும்பத் திரும்பக் கேட்டவர் பேக்கர். அவர் பெயரிலேயே ஒரு 'ஸ்டைல்' கிளம்பி, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நெல்லைக்கும் வந்து இறங்கிவிட்டது. இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

திருவனந்தபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் சாலைவழி சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் மழை வேறு, மண் வேறு, காற்று வேறு. வீட்டைச் சுற்றி மனிதர்களுக்கு இருக்கும் பெருமையும் அவமானமும்கூட வேறு. பொதிகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேக்கரை வாசித்தால் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை அங்கேயே விட்டுவருவது? சுவரை விட்டுவிடலாம், சுவர் எழும்பும் முன் அவர் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கேள்விகளிலும் ஒன்றிரண்டு இங்கே வந்தால் தட்டுப்படும். அதையும் பேசத்தான் இந்தக் கட்டுரை.

1

பேக்கரின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக காந்தியைச் சந்தித்த கதையில் தொடங்குவார்கள். கதை உண்மைதான். 1917ல் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை படித்து 1937ல் பட்டம் பெற்றவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், அதாவது போரை ஏற்காத கிறிஸ்தவர். அதனால் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்காமல் மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்துக்கிடந்த நாட்களில் காந்தியைப் பார்த்தார். பழந்துணியில் செய்த அவருடைய செருப்பை காந்தி கவனித்துப் பேசினார் என்பார்கள். ஒரு வீட்டுக்கான பொருட்கள் அது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தைப் பிற்காலத்தில் பேக்கர் தன் வேலைக்கே அடிப்படை என்று சொல்லிவந்தார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. 1945ல் இந்தியா வந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை தொழுநோயாளிகளுக்கான மிஷனில். மருந்து வந்துவிட்ட காலம் அது. நோயாளிகளை அடைத்துவைக்கக் கட்டிய விடுதிகளைச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளாக மாற்ற வேண்டும். ஒரு கட்டடக்கலைஞருடைய முதல் கிளையண்ட் யார் என்பது அவருடைய கையெழுத்தைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். பேக்கரின் முதல் கிளையண்டுகள் ஊர் விலக்கி வைத்தவர்கள். காசு கொடுப்பவர் ஒருவர், கட்டடத்துக்குள் வாழப்போகிறவர் வேறொருவர். இரண்டாமவர் மேஜைக்கு வரவே மாட்டார், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் பாடம் அவருக்கு இருபத்தெட்டு வயதிலேயே கிடைத்துவிட்டது.

1948ல் மலையாளியான டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைத் திருமணம் செய்தார். இருவரும் இமயமலையில் பித்தோராகர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தார்கள். அவர் மருத்துவம் பார்த்தார், இவர் கட்டினார். பர்மிங்காமில் படித்த படிப்பு அங்கே கைகொடுக்கவில்லை. கரையானுக்கும் மழைக்கும் சரியும் மலைச்சரிவுக்கும் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தது. அந்த ஊர் மக்கள் கல்லும் மண்ணும் மரமும் வைத்துப் பல தலைமுறையாக அதற்கு விடை கண்டிருந்தார்கள். பட்டம் வாங்கிய ஒருவர் தன் கிளையண்டுகளிடமே தொழில் கற்றார்.

1963ல் கேரளத்தின் வாகமண், பிறகு எழுபதை ஒட்டித் திருவனந்தபுரம். அங்கே ஆர்ச்பிஷப் மார் கிரிகோரியோஸ், முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் ஆகியோரின் ஆதரவு கிடைத்தது. ராஜுக்காக உள்ளூரில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம்தான் அவரைப் பிரபலமாக்கியது. 1985ல் 'காஸ்ட்ஃபோர்டு' என்ற அமைப்பை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். 1990ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1ல், தொண்ணூறு வயதில், நாலாஞ்சிறையில் தானே கட்டிய வீட்டில் மறைந்தார்.

ஐம்பது வயதுக்கு மேல்தான் அவரை ஊர் அறிந்தது என்பதை நம்ம தலைமுறை கவனிக்கலாம். முப்பது வயதில் 'போர்ட்ஃபோலியோ' இல்லையே என்று பதறுகிறவர்கள் நாம். பேக்கர் அந்த வயதில் மலையுச்சியில் கழுதை மேல் கல் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

2

பேக்கரின் கட்டடங்களைப் போலவே அவர் எழுதிய சிறு நூல்களும் ஓர் இலக்கிய வாசகரின் கவனத்துக்கு உரியவை. செலவைக் குறைப்பது பற்றி, மண்ணைப் பற்றி, கிராம வீடுகள் பற்றி, குப்பையைப் பற்றிக்கூட ஒன்று. அச்செழுத்து இல்லை, எல்லாம் அவருடைய கையெழுத்து. பக்கம் முழுக்க அவரே வரைந்த படங்கள். வழக்கமான கட்டுமுறை ஒரு படம், சிக்கனமானது இன்னொரு படம். நடுநடுவே ஒரு குறும்பு. பொறியியல் நூலுக்குரிய அதிகாரக் குரல் எங்குமே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து குச்சியால் தரையில் கீறிக் காட்டுவது மாதிரி இருக்கும்.

தொழில்நுட்பமாகச் சொன்னால் விஷயங்கள் எளிமையானவை. செங்கல்லைப் படுக்கப்போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கினால் அதே 9 அங்குலச் சுவருக்கு ஏறக்குறையக் கால்பங்கு செங்கல் மிச்சம். இதுதான் 'ரேட் ட்ராப்' கட்டு. உள்ளே இருக்கும் காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தைப் பழைய ஓட்டை வைத்து நிரப்பினால் சிமெண்டும் மணலும் குறையும், கூரையின் எடையும் குறையும். இதுதான் 'ஃபில்லர் ஸ்லாப்'. லிண்டலுக்குப் பதில் ஆர்ச் வைத்தால் கம்பி வேண்டாம். ஜாலி வைத்தால் ஜன்னல் மரமும் கண்ணாடியும் வேண்டாம்.

இவற்றைவிட என்னை நிறுத்தியது ஒரு தலைப்பு. அவருடைய நூல்களில் ஒன்றின் பெயர், 'எ மேனுவல் ஆஃப் காஸ்ட் கட்ஸ் ஃபார் ஸ்ட்ராங் அக்ஸெப்டபிள் ஹவுசிங்'. வலுவான, ஏற்கத்தக்க வீடுகளுக்கான செலவுக் குறைப்புக் கையேடு. 'வலுவான' புரிகிறது. மலிவு என்றாலே விழுந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கான பதில் அது. 'ஏற்கத்தக்க' என்ற சொல் ஏன்? அழகான என்று போட்டிருக்கலாம், நல்ல என்று போட்டிருக்கலாம். ஏற்கத்தக்க என்றவுடனேயே ஏற்கும் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். யாருக்கு ஏற்கத்தக்க? வீட்டை வரைபவர் கையில் இல்லாத ஒரு முடிவை அந்தச் சொல் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறது. பேக்கரின் மொத்தத் தத்துவமும், அதன் சிக்கலும், அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நம்ம ஊர் கட்டட வேலையில் 'கிளையண்ட்' என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. 'ஓனர்' உண்டு, 'பார்ட்டி' உண்டு. ஆர்க்கிடெக்ட்டும் அபூர்வம். இன்ஜினியர் பிளான் போடுவார், வாஸ்து பார்ப்பவர் அதைத் திருப்பிப் போடுவார், கொத்தனார் தன் கணக்குக்குக் கட்டுவார். ஓனரிடம் கேட்கப்படும் கேள்விகள் மூன்று: எத்தனை சதுரம், எத்தனை பெட்ரூம், எலிவேஷன் எப்படி? பேக்கர் கேட்டவை வேறு வகை. குடும்பத்தில் யார் யார், என்ன வயசு, எப்படிப் பொழுது போகிறது, எவ்வளவு பணம், அதில் எவ்வளவு கடன்? பிறகு மனையில் நடப்பார். மரத்தை வெட்ட மாட்டார், சுவரை வளைப்பார். உபயோகித்த தாள்களின் பின்பக்கத்தில் வரைவார். முடிந்துவிட்ட வரைபடம் என்று எதையும் பெரிதாக நம்பாமல் தினமும் வேலையிடத்துக்குப் போய்க் கொத்தனாரோடு நின்று மாற்றுவார்.

மென்பொருளில் இருக்கும் எங்களுக்கு இது அந்நியமில்லை. யூசர் சொல்வதை அப்படியே செய்தாலும் புராடக்ட் தோற்கும், யூசரைக் கேட்காமல் செய்தாலும் தோற்கும். அவர் கேட்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டுவதுதான் வேலை. வித்தியாசம் என்னவென்றால் எங்களுக்கு அடுத்த ரிலீஸ் உண்டு. வீட்டுக்குக் கிடையாது. ஒருத்தர் இருபது வருடம் இ.எம்.ஐ. கட்டி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, அந்த வீட்டிலேயே சாகவும் போகிறார்.

3

இனி மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவோம்.

திருவனந்தபுரத்தில் பெய்யும் மழையில் பாதிகூடத் திருநெல்வேலி நகரத்தில் பெய்வதில்லை. அங்கே இரண்டு பருவமழையும் உண்டு. இங்கே ஐப்பசி கார்த்திகையை நம்பித்தான் பிழைப்பு. அங்கே காற்றில் எப்போதும் ஈரம், ஆகவே காற்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தால்தான் உடம்பு தாங்கும். ஜாலி அங்கே பிறந்ததற்கு அது ஒரு காரணம். இங்கே ஆனி, ஆடியில் கணவாய்கள் வழியாக அடிக்கும் மேல்காற்று வேறு ரகம். தென்காசிப் பக்கம் சாரலாக இருப்பது கிழக்கே நகர நகர வெறும் காற்றாகி, புழுதியை அள்ளிக்கொண்டு வரும். முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றுக்கு மேற்குச் சுவரில் ஜாலி வைத்தால் சாயங்காலம் சோற்றுத் தட்டில் மண் இருக்கும்.

இந்தப் பக்கத்து வீடு வேறு மாதிரி யோசித்தது. வண்ணதாசன், வண்ணநிலவன், சுகா ஆகியோரை வாசித்தவர்களுக்கு அந்த வீட்டுக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்கத் தெரியும். திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, பின்னால் புறவாசல். ஒரே வளவுக்குள் ஏழெட்டுக் குடித்தனம். தெருவிலிருந்து அடுக்களை வரை ஒரே நேர்கோடு. குறுகலான முகப்பு, நீளமான உடம்பு. பக்கச் சுவர்கள் பக்கத்து வீட்டோடு பொது என்பதால் வெயில் படும் சுவரே குறைவு. பருமனான சுவர் பகல் வெக்கையை மெதுவாக வாங்கும். ராத்திரி மட்டப்பாவில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். இதில் தார்சா என்பது சுவாரசியமான இடம். திண்ணை அளவுக்கு வெளியாள் இடமும் இல்லை, பட்டாசல் அளவுக்கு வீட்டாள் இடமும் இல்லை. பால்காரர் கணக்குத் தீர்ப்பதும், பக்கத்து வீட்டு மதினி அரைமணி நேரம் நின்றுகொண்டே பேசுவதும் அங்கேதான்.

அதே சமயம் இந்த வீட்டை ரொம்பவும் கொண்டாட வேண்டாம். யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் தார்சா வரைக்கும் வரலாம், யார் புறவாசல் வழியாக மட்டும் வர வேண்டும் என்பதும் அந்தப் பிளானில் எழுதப்பட்டிருந்தது. மாதவிலக்கான பெண் எங்கே படுக்க வேண்டும் என்பதும்தான். பழைய வீட்டின் ஒவ்வொரு வாசற்படியும் ஒரு ஃபில்டர். ஒரு பேக்கர் இங்கே வந்திருந்தால், அந்தக் குளிர்ச்சியை எடுத்துக்கொண்டு அந்த ஃபில்டரை எடுத்துவிடுவது எப்படி என்பதுதான் அவருக்கான வேலையாக இருந்திருக்கும்.

யாரைக் கேட்பது என்பதிலும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கம் என் அத்தை வீடு கட்டியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அடுப்பில் நிற்கும்போது தெருவில் யார் போகிறார்கள் என்று தெரியணும். "நாள் பூரா சுவத்தைப் பாத்துட்டா நிப்பாங்க?" என்றாள். வாஸ்துப்படி அடுக்களை தென்கிழக்கு மூலைக்குப் போனது. ஜன்னலுக்கு எதிரே மூன்றடியில் காம்பவுண்டு சுவர். மாமா, இன்ஜினியர், வாஸ்துக்காரர், கொத்தனார் என்று நாலு ஆண்கள் நின்று பேசி எடுத்த முடிவு அது. அவள் அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். அந்த வீட்டின் ஓனர் மாமா. கிளையண்ட் யார்?

4

இப்போது பேக்கர் தட்டுப்படும் இடத்துக்கு வருகிறேன்.

பேக்கருக்குப் பூச்சு பிடிக்காது. செங்கல் செங்கலாகத் தெரியட்டும், மூடி மறைப்பது செலவும் பொய்யும் என்பது அவர் நிலை. பகட்டை ஊக்குவிக்காதே என்று தனக்கும் தன் தொழில்காரர்களுக்கும் விதி வைத்திருந்தார். குவேக்கர் எளிமையிலிருந்து வந்த விதி. கேட்க நன்றாக இருக்கிறது. நெல்லையில் ஒருவர் பூசாத வீட்டைக் கட்டி முடித்தால் தெருவில் என்ன நடக்கும்?

"என்ன அண்ணாச்சி, துட்டு பத்தலையோ? சுவர அரைகொறையா விட்டுட்டிய?"

"இல்ல தம்பி, இது ஒரு டிசைன்."

"டிசைனா? சரிதான்."

அந்த 'சரிதான்'ல இருக்கும் ஏளனம் அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் புரியும். இதை வெறும் வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கலாம். பேக்கர் ஒதுக்கியிருப்பார். நான் ஒதுக்கத் தயாரில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பேக்கர் பின்னாளில் வாழ்ந்த அதே திருவிதாங்கூரில், நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது. பொன் நகைக்கும் தடை. வீடு எப்படித் தெரிய வேண்டும் என்பது ரசனை சார்ந்த கேள்வியாக இங்கே ஒருநாளும் இருந்ததில்லை. பனையோலைக் கூரைக்குக் கீழே பிறந்த ஒருவருடைய பேரன் பூசி, வெள்ளையடித்து, மாடி எடுத்து, முகப்பில் கிரானைட் பதித்து நிற்கவைக்கும் வீடு ஒரு பதில். இன்னாருக்கு இவ்வளவுதான் என்று சொன்னவர்களுக்கான பதில். அதைப் பகட்டு என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவரானாலும், கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

எளிமை, விரும்பி எடுத்துக்கொண்டால் ஒழுக்கம். பிறத்தியார் சுமத்தினால் தண்டனை. பெங்களூரில் சம்பாதித்துவிட்டு வந்து செங்கல் தெரியக் கட்டும் எனக்கு அது ஒழுக்கம். எங்கள் வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வருபவருக்கு அப்படியில்லை.

இந்த இடத்தில் எகிப்தின் ஹசன் ஃபாத்தி நினைவுக்கு வருகிறார். 1940களின் பிற்பகுதியில் லக்சர் அருகே புது குர்னா என்ற கிராமத்தை மண்செங்கல்லில், குவிமாடங்களோடு கட்டினார். உலகம் மெச்சிய வடிவமைப்பு. ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அந்த மக்கள் குடிவர மறுத்தார்கள். பழங்கல்லறைகளை ஒட்டி வாழ்ந்து, அதிலிருந்தே பிழைத்தவர்கள் அவர்கள். இடம் மாற வேண்டும் என்று முடிவெடுத்தது அரசாங்கம். ஃபாத்தி அவர்களுடைய கட்டட மரபைக் கேட்டார், கைவினைஞர்களைக் கேட்டார். போகச் சம்மதமா என்ற முதல் கேள்வி மட்டும் அவர் கையில் இல்லை.

பேக்கர் ஃபாத்தியைவிட ஒரு விஷயத்தில் சாமர்த்தியசாலி. அவருக்கு 'ஏழைகளுக்கான வீடு' என்ற பேச்சே பிடிக்காது. சிக்கனம் எல்லாருக்கும் பொது என்றார். அதனால்தான் ஆர்ச்பிஷப்புக்கும் பேராசிரியர்களுக்கும் அதே பூசாத செங்கல்லில் கட்டினார். பெரிய மனிதர்கள் அதில் உட்கார்ந்த பிறகு அந்தச் செங்கல்லின் மீதிருந்த அவமானம் கேரளத்தில் பெருமளவு போயிற்று. இது கட்டடக்கலையும் அரசியலும் சேர்ந்த ஒரு காய்நகர்த்தல். நம்மிடம் இது நடக்கவில்லை. நம்ம கலெக்டர் ஆபீஸும் காலேஜும் பூசியவை, கிளாடிங் போட்டவை. கீழே இருப்பவரை மட்டும் எளிமையாக இரு என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

அப்படியானால் கிளையண்ட் கேட்டதெல்லாம் கொடுத்துவிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. பேக்கரின் கேள்விமுறையையே பேக்கருக்கு எதிராகத் திருப்பலாம். பூச்சு வேண்டும் என்கிறீர்கள், ஏன்? பல்லியும் பூரானும் இடுக்கில் ஏறும் என்றால் சுண்ணாம்புப் பூச்சோ மண்பூச்சோ போதும். தெருவுக்காக என்றால் தெருப்பக்கத்துச் சுவரை மட்டும் நன்றாகப் பூசுவோம், மற்ற மூன்று சுவரில் மிச்சம் பிடித்த காசில் கிணற்றுக்கோ படிப்புக்கோ வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பேசலாம். இதில் கிளையண்டின் மானமும் காப்பாற்றப்படுகிறது, கடனும் குறைகிறது. ஸ்டைல் கெட்டுப்போகும். கெடட்டும்.

5

மேஜைக்கு வராத இன்னொரு கிளையண்ட் உண்டு. நம்ம ஆறு.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி, தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடியும் ஆறு. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அந்த அணைக்கட்டுகளின் வாய்க்கால்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் வயலையும் குளத்தையும் நிரப்பின. அதே ஆற்றின் மணல்தான் கடந்த முப்பது நாற்பது வருடத்தில் இந்த மாவட்டங்களின் பூச்சாகவும் கூரையாகவும் மாறியது. 2010ல் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. கடத்தல் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாட்டு கிராம நிர்வாக அலுவலர் 2023 ஏப்ரலில் அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஆற்றுமணல் போய் எம்-சாண்ட் வந்தது. அது எங்கிருந்து வருகிறது? மலையை உடைத்து. 2022 மே மாதம் முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் ராட்சதப் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள், நால்வர் இறந்தார்கள். தினமும் புளியரைச் சாவடி வழியாகக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குப் போகின்றன. அந்தப் பக்கம் மலையை உடைக்க எதிர்ப்பு அதிகம், ஆகவே இந்தப் பக்கத்து மலைகள் போகின்றன. ஐந்து மைலுக்குள் கிடைப்பதை வைத்துக் கட்டு என்று ஒருவர் நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்த ஊர் இன்று திருநெல்வேலி, தென்காசிப் பாறைகளையும் தின்று வளர்கிறது. பேக்கரின் ஸ்டைல் கேரளத்திலிருந்து நமக்கு வருகிறது. நம்ம மலை அங்கே போகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட ஆர்க்கிடெக்சர் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பேக்கர் முழுச் சரி. நாட்டின் வளத்தைக் கொள்ளையடிக்காதே என்பது அவருடைய விதிகளில் ஒன்று. செங்கல் சுடுவதற்கு எரியும் விறகைக்கூடக் கணக்கில் எடுத்துத்தான் பிற்காலத்தில் மண்ணைப் பற்றி அதிகம் பேசினார். கால்பங்கு செங்கல் குறைவது, கான்கிரீட் குறைவது, பூச்சு குறைவது எல்லாம் வெறும் பட்ஜெட் கணக்காக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இத்தனை யூனிட் மணல் என்று கூட்டினால் அது ஆற்றில் இத்தனை அடி ஆழம். டவுனிலும் பேட்டையிலும் இடிபடும் பழைய வீடுகளின் மங்களூர் ஓடுகள் லாரி லாரியாகப் போகின்றன. ஒரு ஃபில்லர் ஸ்லாபுக்குள் போக வேண்டியவை அவை. தார்சாவின் ஓடு புது வீட்டின் கூரைக்குள் போய் உட்காருவது நல்ல மறுபிறவிதானே.

மண் வீடு என்றதும் இங்கே வரும் எதிர்க்கேள்வியும் நியாயமானது. 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு டவுனுக்குள்ளும் ஸ்ரீவைகுண்டத்துக்குள்ளும் வந்தது. தண்ணீர் தேங்கி நின்ற தெருவில் மண்சுவர் என்ன ஆகும்? கரையும். ஆற்றங்கரைத் தாழ்வில் மண்சுவரைச் சிபாரிசு செய்கிறவர் மனையைப் பார்க்காதவர். கருங்கல் கடைக்கால் எவ்வளவு உயரம் வர வேண்டும், எந்த மட்டத்துக்கு மேல் மண் போகலாம் என்பதை அந்தத் தெருக் கிழவியிடம்தான் கேட்க வேண்டும். 1992 வெள்ளத்தில் தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

6

ஒரு ஆள் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி வீடு கட்டுவது சரி, ஆயிரம் குடும்பம் என்றால்? இது பேக்கர் மீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. அவர் முறை பெருகாது, அவர் நின்றால்தான் நடக்கும்.

அவர் அதற்கும் முயன்றிருக்கிறார். எழுபதுகளில் திருவனந்தபுரத்துப் பூந்துறையில் மீனவர்களுக்குக் கட்டிய வீடுகளை ராணுவ வரிசையாக நிறுத்தாமல் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்தார். எல்லா வீட்டுக்கும் கடல் தெரிய வேண்டும், காற்று வர வேண்டும், முன்னால் வலை உலர்த்த இடம் வேண்டும். பிற்பாடு குடியிருந்தவர்கள் அவற்றை அடைத்தார்கள், நீட்டினார்கள், மாற்றினார்கள். சிலர் இதைத் தோல்வி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்ற இடம் இருந்ததால்தான் மாற்றினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நமக்கு இப்போது ஒரு கேள்வி முன்னால் நிற்கிறது. மாஞ்சோலை. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு. கம்பெனி 2024ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொன்னது. நாலு தலைமுறையாக லைன் வீடுகளில் இருந்தவர்கள் கீழே இறங்க வேண்டும். 1999ல் கூலி கேட்டு ஊர்வலம் வந்து, தாமிரபரணியில் 17 பேரைப் பறிகொடுத்த அதே மக்கள். அவர்களுக்குச் சமவெளியில் அடுக்குமாடி வீடு என்பது அரசு வைக்கும் தீர்வுகளில் ஒன்று. பதினெட்டு டிகிரியில் பிறந்து வளர்ந்தவருக்கு நாற்பது டிகிரியில் இரண்டாவது மாடி. சாயங்காலம் அடுத்த லைன் வாசலில் போய் உட்கார்ந்த கிழவருக்கு ஒரு காரிடார், ஒரு இரும்பு கேட்.

லைன் வீடுகள் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அவையும் யாரையும் கேட்காமல் ஆங்கிலேயன் காலத்துக் கணக்கில் கட்டியவைதான். ஆனால் ஒருமுறை கேட்காமல் கட்டியதைச் சரிசெய்ய இன்னொருமுறை கேட்காமல் கட்டுவதா? போக விருப்பமா என்பதே முதல் கேள்வி. போவதென்று அவர்களே முடிவெடுத்தால், தனித்தனியாகவா, பழைய லைன்காரர்கள் சேர்ந்தா? ஆடு கோழி வைத்திருக்கிறீர்களா? யாருக்கு முழங்கால் வலி? இந்தக் கேள்விகளுக்கு ஒரு வாரமும் சில நோட்டுப் புத்தகங்களும் போதும். ஆயிரம் குடும்பத்தைக் கேட்க முடியாது என்பது பொய். ஓட்டுக் கேட்கும்போது ஆயிரம் குடும்பத்தையும் கேட்கிறோம்.

பேக்கர் தனக்காகக் கட்டிய வீட்டுக்கு 'ஹாம்லெட்' என்று பெயர். பாறைச் சரிவில் ஒரு சின்னக் கட்டடமாகத் தொடங்கியது. தேவை வந்தபோது ஒரு அறை, யாராவது தங்க வந்தபோது இன்னொன்று, எங்கேயோ இடித்த வீட்டின் கதவு கிடைத்தபோது அதற்கேற்ற ஒரு சுவர் என்று வருடக்கணக்கில் அது வளர்ந்துகொண்டே போனது. தன்னையே கிளையண்டாக வைத்துக்கொண்டபோதுகூட அவர் ஒரே நாளில் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கவில்லை. அத்தைக்கு இப்போது அறுபத்தெட்டு. போன மாதம் மாமாவிடம் சொல்லி, காம்பவுண்டு சுவரில் அடுக்களை ஜன்னலுக்கு நேராக நாலு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு ஒரு ஜாலி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு லாரி பேக்கர் யாரென்று தெரியாது. கொத்தனார் எழுநூறு ரூபாய் கேட்டாராம். அதிகம்தான், ஆனா வைக்கச் சொல்லிட்டேன் என்றாள்.